நன்கொடை பட்டனுக்குக் கீழே

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பால் பவுடர்தான். அறுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு 'கேர்' என்ற பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை. மதிய உணவில் கோதுமை ரவை உப்புமா, தகர டின்னில் வந்த எண்ணெய், கட்டி தட்டிப்போன பால் மாவு. அந்த டின் ஒன்று எங்கள் வீட்டில் ரொம்ப காலம் அரிசி டின்னாக இருந்தது. அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று பூகோள வாத்தியார் சொல்வதற்கு முன்பே அந்த டின் சொல்லிவிட்டது.

ஆனால் அவர்கள் நமக்குக் கொடுத்ததைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. தங்கள் சொந்த ஊழியர்களுக்காக அவர்கள் எழுதி வைத்திருக்கும் கையேடுகளைப் பற்றித்தான் எழுத வந்தேன். சேவ் தி சில்ட்ரன், யுனிசெஃப், வேர்ல்டு விஷன் போன்றவற்றின் தளங்களுக்குப் போனால் முதலில் ஒரு குழந்தையின் படமும் 'நன்கொடை தாருங்கள்' என்ற பட்டனும்தான் தெரியும். நம்மவர்கள் பெரும்பாலும் அங்கேயே மூடிவிடுவார்கள். அதைத் தாண்டிக் கீழே போனால் பயிற்சிக் கையேடுகள், வழிகாட்டிகள், இலவச வகுப்புகள் என்று ஒரு நூலகமே இருக்கிறது. நாற்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள் அங்கே இருக்கின்றன.

நான் அந்தப் பக்கம் போனதற்கு ஒரு பெண்தான் காரணம். கொரோனாவுக்குப் பிறகு 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது எங்கள் தெருவில் தன்னார்வலராகச் சேர்ந்தவள். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"சார், பாடமெல்லாம் சொல்லிக் குடுத்துடுவேன். ஆனா பசங்க வேற ஏதாவது சொல்றாங்க. ஒருத்தனுக்கு அப்பா கொரோனாவுல போயிட்டாரு. திடீர்னு கணக்கு போடுறப்ப அதைச் சொல்றான். நான் என்ன சொல்லணும் சார்?"

எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொன்னேன். ஆனால் அவள் கேள்வி என்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அதற்கு நான் 2004-க்குப் போக வேண்டும்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. நான் அப்போது ஒரு கடலோரப் பள்ளியில் இருந்தேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் வந்தவர்கள் பார்வையாளர்கள். கார், வேன், கேமரா. அரிசி கொண்டுவந்தவர்கள், துணி கொண்டுவந்தவர்கள், ஒன்றும் கொண்டுவராமல் பார்க்க வந்தவர்கள். எல்லாருக்கும் நல்ல மனசுதான். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அலை வந்தப்ப நீ எங்கப்பா இருந்தே?"

நாலாம் வகுப்பில் ஒரு பையன். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன். கரையேறியபோது கை வெறுமையாக இருந்தது. இதைச் சொல்லச் சொல்லி ஒவ்வொருவரும் கேட்க, அவனும் சொல்லிச் சொல்லி, மூன்றாவது வாரத்தில் அது மனப்பாடச் செய்யுள் மாதிரி ஆகிவிட்டது. ஒரே வார்த்தைகள், ஒரே இடத்தில் நிறுத்தம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவன் துடைக்கவில்லை. பிறகு மதியச் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தான்.

பிப்ரவரியில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தினமும் மூன்றரை மணிக்கு, ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல் வருவார். வேப்பமரத்தடியில் பாயை விரிப்பார். கலர் பென்சில், காகிதம், ஒரு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு பந்து. 'அலை' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வருகிற பிள்ளை வரலாம், போகிற பிள்ளை போகலாம். அந்தப் பையன் முதல் வாரம் மரத்துக்குப் பின்னால் நின்றான். இரண்டாவது வாரம் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றினான். குதிக்கவில்லை, சுற்றினான். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் அவனாகவே அந்தப் பெண்ணிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பொறுமையை அப்போது நான் அவருடைய சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். பதினேழு வருடம் கழித்து, டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கும்போதுதான் அது ஒரு முறை என்பது தெரிந்தது. அதற்கு 'குழந்தை நேய இடம்' என்று பெயர். 1999-இல் கொசோவோ போரில் அகதிகளாக அல்பேனியாவுக்கு ஓடிவந்த குடும்பங்களுக்காக யுனிசெஃப் முதலில் செய்து பார்த்தது. பிறகு போர், வெள்ளம், பூகம்பம் என்று எங்கே நடந்தாலும் பல நிறுவனங்கள் அதையே செய்கின்றன. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே முகம் என்பதெல்லாம் யோசித்து வைத்தது. எல்லாம் தலைகீழான பிள்ளைக்கு, நாளைக்கும் மூன்றரை மணிக்குப் பாய் விரிக்கப்படும் என்ற ஒரு நிச்சயம் வேண்டும்.

2011-இல் உலக சுகாதார நிறுவனமும் வேர்ல்டு விஷனும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து 'மன முதலுதவி' பற்றி ஒரு கையேடு வெளியிட்டன. ரொம்பச் சின்னப் புத்தகம், அறுபது எழுபது பக்கம்தான். பார், கேள், இணை என்று மூன்றே வேலை. முதலில் பார்: யாருக்கு உடனடி உதவி தேவை என்று கவனி. பிறகு கேள்: அவர்கள் சொன்னால் காது கொடு, சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே. கடைசியில் இணை: உன்னால் முடியாததைச் செய்யக்கூடியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர். நடந்ததை முழுசாகச் சொல்லவைத்தால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று ஒரு காலத்தில் உலகமெங்கும் நம்பினார்கள். அப்படிக் கிளறுவது நல்லதில்லை என்று இப்போது நிபுணர்களே சொல்கிறார்கள். நம் ஊரில் எழவு வீட்டுக்குப் போகிற பெரியவர்கள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அதே பெரியவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் "எப்படி ஆச்சு?" என்று முதலிலிருந்து கேட்பார்கள். இரண்டு பழக்கமும் நம்மிடம் உண்டு.

சேவ் தி சில்ட்ரனைத் தொடங்கிய எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரும் சிறிது காலம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்த பிறகும் பிரிட்டன் எதிரி நாடுகளுக்கு உணவு போகாமல் முற்றுகையைத் தொடர்ந்தது. ஆஸ்திரியாவில் குழந்தைகள் பட்டினியில் செத்தார்கள். 1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் பட்டினிக் குழந்தையின் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். ஐந்து பவுண்டு அபராதம். வழக்கை நடத்திய அரசு வக்கீலே தன் கையிலிருந்து ஐந்து பவுண்டு எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். எதிரி நாட்டுக் குழந்தையும் குழந்தைதான் என்று சொல்ல அந்த நேரத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பிறகு அவர் குழந்தைகளின் உரிமைகள் என்று ஐந்து அம்சங்களை எழுதினார். 1924-இல் சர்வதேச சங்கம் அதை ஏற்றது. ஆபத்துக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே என்பது அதில் ஒன்று. அந்த வித்துதான் 1989-இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையாக வளர்ந்தது. 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. நான் அப்போது பணியில்தான் இருந்தேன். எங்கள் பள்ளிக்கு எத்தனையோ சுற்றறிக்கை வந்தது, அதைப் பற்றி ஒன்று வந்ததாக ஞாபகம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பட்டினிக் குழந்தையின் படத்தோடு தொடங்கிய நிறுவனம் அது. எண்பதுகளில் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது அந்த மாதிரிப் படங்கள் உலகம் முழுக்கப் பறந்தன. கண்ணில் ஈ மொய்க்கும் குழந்தைகள். பணம் குவிந்தது. அப்புறம்தான் ஒரு கேள்வி கிளம்பியது. அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து ஒருநாள் அந்தப் படத்தைப் பார்த்தால்? அதன் பிறகு நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே விதி எழுத ஆரம்பித்தன. குழந்தைகளைப் பற்றிச் செய்தி எழுதுகிறவர்களுக்கு யுனிசெஃப் வைத்திருக்கும் விதிகளை எல்லா ஆசிரியரும் ஒருமுறை படிக்க வேண்டும். குழந்தையைக் கேவலப்படுத்தும், ஆபத்தில் தள்ளும், ஆறிய வலியைக் கிளறும் கேள்விகளைக் கேட்காதே. குழந்தைக்கு நடக்காத ஒன்றை நடித்துக் காட்டச் சொல்லாதே. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் முகத்தையும் மறைத்துவிடு.

இப்போது நம் வாட்ஸ்அப் குழுக்களை நினைத்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். பேனர் கட்டுகிறோம். கொடுப்பவர்கள் ஏழு பேர், வாங்குவது ஒரு பிள்ளை. ஏழு பேரும் நோட்டின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். கீழே 'தந்தையை இழந்த ஏழை மாணவி' என்று எழுதி, பள்ளியின் பெயரும் போட்டு, நாற்பது குழுவுக்கு அனுப்புகிறோம். மறுநாள் அந்தப் பெண் வகுப்பில் எப்படி உட்காருவாள்? எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தில் இதை நான் பேசியபோது ஒரு நண்பர், "படம் போடாட்டி அடுத்த வருஷம் எவன் பணம் குடுப்பான்?" என்றார். நியாயமான கேள்விதான். சர்வதேச நிறுவனங்களுக்கும் இதே கேள்விதான் வந்திருக்கும். இப்போது நாங்கள் நோட்டுக் கட்டுகளையும் சங்க உறுப்பினர்களையும் மட்டும் படம் எடுக்கிறோம். அதற்குப் பிறகும் பணம் வந்திருக்கிறது. கொஞ்சம் குறைவுதான்.

கையேடுகளிலேயே கனமான பகுதி குழந்தைப் பாதுகாப்பு. அது சும்மா வந்ததில்லை. 2002-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அகதி முகாம்களில் உதவி கொடுக்கப் போனவர்களே குழந்தைகளிடம் தவறாக நடந்துகொள்கிறார்கள் என்ற அறிக்கை வெளிவந்தது. அதைத் தயாரித்தவர்கள் ஐ.நா.வின் அகதிகள் அமைப்பும் சேவ் தி சில்ட்ரனின் பிரிட்டன் கிளையும். தங்கள் துறையின் அழுக்கைத் தாங்களே எழுதினார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. அப்படியும் தவறுகள் நின்றுவிடவில்லை, செய்திகளில் பார்க்கிறோம். ஆனாலும் ஒரு குழந்தை வந்து ஒரு ரகசியத்தைச் சொன்னால் பெரியவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் அளவுக்குத் தெளிவாக எழுதியவர்கள் குறைவு. பிரிட்டனில் 1884-இலிருந்து இயங்கும் என்எஸ்பிசிசி என்ற அமைப்பும் ஆசிரியர்களுக்காகவே இதை எளிமையாக எழுதியிருக்கிறது.

இரண்டு மூன்று தளங்களில் படித்ததைச் சேர்த்து, அந்தத் தன்னார்வலப் பெண்ணுக்காக ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேள். 'சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை' என்று சொல். குறுக்கு விசாரணை வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதே. குழந்தை சொன்ன வார்த்தையை அப்படியே அன்றைக்கே தேதி போட்டு எழுதி வை. சம்பந்தப்பட்டவரிடம் நீயே போய்ச் சண்டை போடாதே. அதற்கென்று இருப்பவர்களிடம் சொல். அடியில் 1098 என்று பெரிதாக எழுதினேன். 1996-இல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் அது. இப்போது அரசு நடத்துகிறது.

அந்தத் தாளைக் கொடுத்துச் சில மாதம் ஆனபோது அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை வந்து சொன்னாள். மேலே யுனிசெஃப் விதியை எழுதிவிட்டு நானே அதை மீறக்கூடாது, அதனால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு. முழுப் பரீட்சை முடிந்ததும் தாய்மாமனுக்குக் கட்டி வைப்பதாகப் பேசி முடித்துவிட்டார்கள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அப்பா கொன்னுடுவாரு" என்று அழுதிருக்கிறாள்.

"சொல்ல மாட்டேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டாவது வாக்கியம் நான் எழுதிக் கொடுத்ததில் இல்லை, அவளுடையது. அன்று இரவே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, அந்தப் பிள்ளையின் வார்த்தைகளை அப்படியே எழுதி வைத்தாள். மறுநாள் காலை என்னிடம் வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அவளுக்குத் தூரத்துச் சொந்தம். அவள் கணவருக்கு அவர்கள் வயலில் வேலை. போன் செய்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்தே ஆக வேண்டும் என்று அவளைத் தள்ளவும் எனக்கு உரிமை இல்லை. வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் பேசுறேன், நம்பரைப் போடுங்க" என்றாள். கடைசியில் அந்தப் பெண்ணே பேசினாள். பேசி முடிக்கும் வரை என் மனைவி அவள் தோளில் கை வைத்திருந்தாள்.

நாலாவது நாள் சமூக நலத்துறையிலிருந்தும் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தும் வந்தார்கள். அப்பா, "எங்க புள்ள அப்படிச் சொல்லவே இல்லையே, யாரோ கெளப்பி விட்டது" என்றார். அம்மா வாயே திறக்கவில்லை. அதிகாரிகள் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். கணக்கு நோட்டின் அந்தப் பக்கம் அன்று உதவியது. பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். பிள்ளை இப்போதும் பள்ளிக்குப் போகிறாள்.

போன் செய்தவர் யார் என்று அரசாங்கம் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு அரசாங்கம் சொல்லித்தானா தெரிய வேண்டும்? அவள் கணவருக்கு அந்த வயலில் வேலை போயிற்று. சாயங்கால வகுப்பில் இருபது பேர் பன்னிரண்டு பேராகக் குறைந்தார்கள். சில மாதம் கழித்து மெல்லத் திரும்பினார்கள், எல்லாரும் இல்லை. இந்தப் பகுதியை எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. புகார் செய்கிறவர் அடுத்த நாளும் அதே தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டும் என்பது ஜெனீவாவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பதினைந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைக்கச் சொல்கிறார்கள். நாற்பத்தைந்து பேரை வட்டமாக உட்கார வைத்தால் கடைசி ஆள் வாய்க்காலில்தான் உட்கார வேண்டும். இதையெல்லாம் நாமே நம் ஊருக்குத் தகுந்த மாதிரி எழுதிச் சேர்க்க வேண்டியதுதான்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. யுனிசெஃப்பின் 'அகோரா' என்ற தளத்தில் வகுப்புகள் இலவசம். பெரும்பாலும் ஆங்கிலம். மொழிபெயர்ப்பு பட்டனை நம்பினால் சிரிப்பு வரும், பேரப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது மேல். கையேடு படிக்க யாரும் வங்கி எண்ணோ ஓடிபியோ கேட்க மாட்டார்கள். கேட்டால் அது போலித் தளம், உடனே மூடிவிடுங்கள்.

தாய்மாமன் விஷயத்துக்குப் பிறகு அந்தத் தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'தனியாகச் செய்யாதே, இன்னொரு பெரியவரைக் கூட வைத்துக்கொள்.' பக்கத்துத் தெருவில் ஒரு டியூஷன் டீச்சரும் அந்தத் தாளைக் கேட்டிருக்கிறாராம். மூன்று பிரதி வேண்டும் என்று நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஜெராக்ஸ் கடை ஞாயிற்றுக்கிழமை லீவு, நாளைக்குத்தான் எடுக்க வேண்டும்.